திரி திரிக்கும் கை

அந்தக் கையைப் பார்த்து மூன்று வாரம் ஆகிறது. கும்பகோணம் பேருந்து நிலையத்தில், தஞ்சாவூர் வண்டிகள் நிற்கும் பக்கம், டீக்கடை முன்னால் கிடந்த மரப்பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டியிருக்கும். வெள்ளை வேட்டி, கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை. இடது கையில் டீ கிளாஸ். வலது கை தொடைமேல் சும்மா கிடந்தது. சும்மா கிடந்த அந்தக் கையில் கட்டைவிரல் மட்டும் ஆள்காட்டி விரலின் மேல் உருண்டுகொண்டே இருந்தது. விளக்குக்குப் பஞ்சைக் கிள்ளித் திரி திரிப்பார்களே, அதே அசைவு. விரலிடுக்கில் பஞ்சு இல்லை. காசு எடுக்க அந்தக் கையைச் சட்டைப் பைக்குக் கொண்டுபோனதும் உருளல் நின்றது. மறுபடி தொடைமேல் வைத்த கொஞ்ச நேரத்தில் தொடங்கியது. எழுந்து நடந்தபோது இடது கை வீசி நடந்தார். வலது கை, குடையை மாட்டிக்கொண்டு போகிறவர் கையைப் போல, முழங்கையில் மடிந்து உடம்போடு ஒட்டியே இருந்தது. குடை ஏதுமில்லை. எனக்கு அடிவயிற்றில் என்னவோ செய்தது. எழுந்து போய்ச் சொல்லலாமா என்று நினைத்தேன். என்ன சொல்வது, எந்த உரிமையில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் வண்டி வந்துவிட்டது. ஏறிவிட்டேன்.

நான் மருத்துவன் இல்லை. இப்படியொரு நோய் வந்த என் அப்பாவோடு ஆறு வருடமாக ஒரே வீட்டில் இருப்பவன், அவ்வளவுதான். ஒரு வீட்டில் ஒருவருக்கு வந்தால் பார்க்கிறவர்களுக்கெல்லாம் அது இருப்பதாகத் தோன்றும் என்பதும் எனக்குத் தெரியும். அந்தப் பெஞ்சு மனிதருக்கு வேறு ஏதாவது இருக்கலாம். ஏதாவது மாத்திரையின் விளைவாக இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். இதையெல்லாம் வண்டியில் தஞ்சாவூர் போய்ச் சேரும்வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். மனம் அடங்கவில்லை. அடங்காததற்குக் காரணம் அவர் இல்லை என்பது அன்று இரவு படுத்த பிறகுதான் புரிந்தது. முன்பின் தெரியாத ஒருவரிடம் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்ததை, பெற்ற அப்பாவிடம் இரண்டு வருடம் தினமும் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, நான் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்காததுகூடப் பரவாயில்லை. அந்த இரண்டு வருடமும் அவரைக் கடிந்துகொண்டிருந்தேன்.

என்னென்ன சொன்னேன் என்று எண்ணிப் பார்க்கிறேன். “கொஞ்சம் உரக்கப் பேசுங்கப்பா, காதுல விழவே மாட்டேங்குது.” போன் சரியில்லை என்று புதுப் போன் வாங்கிக் கொடுத்தேன், அதிலும் அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்துதான் வந்தது. “காலைத் தூக்கி வச்சு நடங்களேன், செருப்புத் தேயுது.” சட்டைப் பொத்தான் போட அவருக்குப் பத்து நிமிடம் ஆனபோது, கல்யாணத்துக்கு நேரமாகிறதென்று வாசலில் நின்று ஹாரன் அடித்தேன். எதிர்வீட்டு அம்மா ஒருநாள், “அப்பாவுக்கு எங்க மேல ஏதாச்சும் வருத்தமா? முகத்தைப் பார்த்தா சிரிக்கவே மாட்டேங்கிறாரு” என்று கேட்டபோது, ஓய்வு பெற்ற பிறகு இப்படி ஆகிவிட்டார் என்று நானே விளக்கம் சொன்னேன். அதற்கெல்லாம் முன்னால், இன்னும் நாலைந்து வருடம் பின்னோக்கிப் போனால், காப்பியில் மணமே இல்லையென்று அவர் அம்மாவிடம் சண்டை போட்டது நினைவுக்கு வருகிறது. “பொடிய மாத்திட்டியா?” என்பார். அதே கடையில், கண்ணெதிரே வறுத்து அரைத்த பொடி. அம்மா அழாத குறையாக டம்ளரை என் மூக்கருகில் நீட்டுவாள். மணந்தது. அந்தக் காலத்திலேயே அம்மா கூடத்தில் வந்து படுக்க ஆரம்பித்துவிட்டாள். தூக்கத்தில் அப்பா யாரையோ அதட்டுவார், கையை ஓங்குவார், ஒரு இரவு கட்டிலிலிருந்து உதைத்துக்கொண்டு கீழேயே விழுந்தார். ஆபீஸ் ஞாபகம் என்று சிரித்தோம். மலச்சிக்கலுக்கு இசப்கோல் டப்பா அலமாரியில் நிரந்தரமாக இருந்தது. காப்பிமணம், கெட்ட கனவு, மலச்சிக்கல் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சின்னச் சின்ன விஷயங்கள். தனித்தனியாக எடுத்தால் யாருக்கும் வரக்கூடியவை. மணம் தெரியாததும் மலச்சிக்கலும் இருக்கிற பெரும்பாலோருக்கு இந்த நோய் கிடையாது. ஆனால் கை மெதுவாவதற்குப் பல வருடம் முன்பே இவை வந்து நிற்கக்கூடும் என்பதை நாங்கள் பிறகு, மிகப் பிறகு, தெரிந்துகொண்டோம்.

நம் மொழியும் எங்களைக் கொஞ்சம் ஏமாற்றிவிட்டது. பார்க்கின்சன் நோயை நடுக்குவாதம் என்கிறோம். பெயரிலேயே நடுக்கம் இருப்பதால் நடுங்கினால்தான் அது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அப்பாவுக்கு ஆரம்பத்தில் எதுவும் நடுங்கவில்லை. நடுங்கியது அப்பாயிக்கு. காப்பி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும்போது அவள் கை ஆடி, பாதி புடவையில் சிந்தும். கையை மடியில் வைத்துவிட்டால் அசையாமல் கிடக்கும். இருபது வருடம் அப்படியே ஆடிக்கொண்டு தன் வேலையைத் தானே செய்துகொண்டு, எண்பத்தேழு வயதில் வேறு எதனாலோ போய்ச் சேர்ந்தாள். ஏதாவது எடுக்கும்போது, பிடிக்கும்போது வருகிற அந்த ஆட்டம் பல குடும்பங்களில் தலைமுறையாக வருவது, வேறு வகை. பார்க்கின்சன் நடுக்கம் பெரும்பாலும் கை ஓய்ந்திருக்கும்போது வரும், வேலை கொடுத்தால் அடங்கும், ஒரு பக்கம் தொடங்கும். அப்பாயியின் கையைப் பார்த்து வளர்ந்த நாங்கள், நடுங்காத அப்பாவுக்கு ஒன்றுமில்லை என்று நிம்மதியாக இருந்தோம். வலது தோள்பட்டையைத் தூக்க முடியவில்லை என்றார். எலும்பு மருத்துவரிடம் போனோம். தோள் இறுகிவிட்டது என்றார்கள், பயிற்சி கொடுத்தார்கள், அம்மா நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்தாள். நிஜமாகவே தோள் இறுகித்தான் இருந்தது. எதனால் இறுகியது என்று யாரும் அதற்கு அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. கேஸ் சிலிண்டரை மாடிக்குத் தூக்கியதால் என்று அப்பாவே ஒரு காரணம் வைத்திருந்தார்.

கையெழுத்து விஷயத்தைத்தான் என்னால் இன்னும் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அப்பா தபால் ஆபீஸில் முப்பத்துநாலு வருடம் இருந்தவர். அதில் பாதிக்கு மேல் சேமிப்புக் கணக்குக் கவுண்டர். நீட்டுகிற படிவத்திலுள்ள கையெழுத்தையும் கணக்கிலுள்ள கையெழுத்தையும் ஒரு பார்வையில் ஒப்பிட்டுப் பணம் கொடுக்கிற வேலை. அவர் தன் கணக்கிலிருந்து பணம் எடுக்கப் போன ஒருநாள், கையெழுத்து ஒத்துப்போகவில்லை, இன்னொரு தடவை போடுங்கள் என்று கவுண்டரிலிருந்த பையன் சொல்லியிருக்கிறான். இரண்டாம் தடவையும் ஒத்துப்போகவில்லை. வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை. நோய் இன்னதென்று தெரிந்த பிறகு ஒருநாள் அவர் மேசை இழுப்பறையைத் துழாவியபோது, கிழித்த தினசரிக் காலண்டர் தாள்கள் ஒரு கட்டாக ரப்பர் பேண்ட் போட்டு இருந்தன. ஒவ்வொன்றின் பின்பக்கமும் அவர் பெயர், மேலிருந்து கீழாக, பயிற்சி நோட்டில் எழுதுகிற பிள்ளையைப் போல. ஒவ்வொரு வரியிலும் முதலெழுத்து பழைய அப்பாவின் எழுத்து. சற்றுச் சாய்ந்து, கொம்பு வளைந்து, தலை நிமிர்ந்து. இரண்டாம் எழுத்தில் அது குறுகத் தொடங்கும். மூன்று சுழி ணகரத்தின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு நெளிவாகியிருந்தன. கடைசி எழுத்தில் புள்ளியும் எழுத்தும் ஒன்றாகிவிட்டன. தாளின் அடிப்பக்கம் வர வர வரி முழுவதுமே எறும்புச் சாரி மாதிரி இருந்தது. தேதிகளைப் பார்த்தேன். அந்தத் தாள்களில் ஒன்று, நான் வாசலில் நின்று ஹாரன் அடித்த கல்யாணத்தின் தேதி.

1817இல் லண்டன் ஹாக்ஸ்டனில் இருந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற மருத்துவர் 66 பக்கத்தில் ஒரு சிறு நூல் எழுதினார். இன்று அவர் பெயரில் வழங்கும் நோயைத் தனி நோயாக முதலில் வரைந்து காட்டியது அதுதான். அதில் ஆறே ஆறு பேர். அந்த ஆறு பேரில் இருவரைத் தெருவில் தற்செயலாகப் பார்த்து நிறுத்திப் பேசியிருக்கிறார். ஒருவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. அதாவது ஒரு நோயின் வரலாறே, தெருவில் போகிற மனிதரின் நடையை நின்று கவனித்த ஒருவரிடமிருந்து தொடங்குகிறது. அந்த நூலில் எனக்கு மறக்காதது இன்னொன்று. முதலாமவர் தோட்டக்காரர், இடது கைக்கு அதிக வேலை கொடுத்த ஒரு சில நாட்கள்தான் காரணம் என்றார். தெருவில் பார்த்தவர்களில் ஒருவர் மாலுமி. ஸ்பெயின் நாட்டுச் சிறையில் பல மாதம் ஈரத் தரையில் படுத்ததால் வந்தது என்றார். என் அப்பாவின் சிலிண்டர் எனக்கு உடனே ஞாபகம் வந்தது. தன் உடம்பு தன் சொல் கேட்காதபோது மனிதன் தன் வாழ்க்கைக்குள் தேடி ஒரு பாரத்தை, ஒரு ஈரத்தை, ஒரு தவறைக் கண்டெடுத்து அதன்மேல் பழியைப் போட்டுக்கொள்கிறான். பார்க்கின்சனும் நடுக்கத்தையும் வாதத்தையும் சேர்த்தே அந்த நோய்க்குப் பெயர் வைத்திருந்தார். எல்லோருக்கும் நடுங்குவதில்லை, இது வாதமும் இல்லை என்று சொல்லி, பார்க்கின்சன் பெயரையே அதற்குச் சூட்டலாம் என்றவர் பாரிஸ் சால்பெத்ரியேர் மருத்துவமனையின் ஷார்க்கோ. அவர் சொல்லி ஏறத்தாழ நூற்றைம்பது வருடம் ஆகிறது. நாங்கள் நடுக்கத்துக்காகக் காத்திருந்தோம்.

கூடவே இருந்தும் புரியாமல் போனது எங்களுக்கு மட்டுமில்லை. ஸ்காட்லாந்தின் பெர்த் நகரில் ஜாய் மில்ன் என்ற ஓய்வுபெற்ற செவிலியர் இருக்கிறார். அவர் கணவர் மருத்துவர். முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்த கணவரின் உடம்பில் திடீரென்று ஒரு புது வாடை வருவதை மனைவி கவனித்தார். சரியாகக் குளிப்பதில்லை, பல் தேய்ப்பதில்லை என்று அவரைச் சொல்லிச் சொல்லிக் காட்டியிருக்கிறார். பத்து வருடத்துக்கு மேல் கழித்துத்தான் அவருக்குப் பார்க்கின்சன் என்று தெரிந்தது. பிறகு ஒருநாள் அதே நோயுள்ளவர்கள் கூடிய ஓர் அறைக்குள் நுழைந்தபோது அறை முழுவதும் அந்த வாடை. எடின்பரோ ஆய்வாளர்கள் 12 பேர் போட்டுக் கழற்றிய பனியன்களைக் கொடுத்து அவரைச் சோதித்தார்கள். ஆறு பேர் நோயாளிகள், ஆறு பேர் நோயில்லாதவர்கள். நோயில்லாதவர் ஒருவரின் பனியனையும் இவருக்கு நோய் உண்டு என்று எடுத்து வைத்தார். ஒரு தவறு என்று குறித்துக்கொண்டார்கள். எட்டு மாதம் கழித்து அந்த மனிதருக்கும் பார்க்கின்சன் உறுதியானது. இந்தச் செய்தியை எல்லோரும் அந்த மூக்கின் அதிசயத்துக்காகச் சொல்கிறார்கள். எனக்கு அந்த அம்மா கணவரைக் குளிக்கச் சொல்லிச் சண்டையிட்ட வருடங்கள்தான் மனதில் நிற்கின்றன. அவர் கண்டுபிடித்துவிட்டார், உலகத்தில் யாருக்கும் முன்னால். கண்டுபிடித்தது அவர் வாயிலிருந்து கண்டிப்பாகத்தான் வெளியே வந்தது. கூட இருப்பவர்களுக்கு எல்லாமே தெரிகிறது. ஆனால் தெரிவது நோயாகத் தெரிவதில்லை. சோம்பலாக, பிடிவாதமாக, வயசானதாகத் தெரிகிறது. “வயசாயிடுச்சு” என்ற ஒரு சொல்லை எத்தனை விஷயத்தின் மேல் போட்டு மூடியிருக்கிறோம்.

எங்கள் வீட்டில் பார்த்துச் சொன்னவள் அத்தை. ஜாம்ஷெட்பூரிலிருந்து மூன்று வருடத்துக்கு ஒருமுறை வருகிறவள். வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியவள் பையைக்கூடக் கீழே வைக்காமல், எதிர்கொண்டு வந்த அப்பாவைப் பார்த்து நின்றுவிட்டாள். “ஏண்ணே, அந்தக் கையை ஏன் வீசாம மடிச்சே வச்சிருக்க?” என்றாள். அதற்குப் பிறகு பழைய கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். எல்லாம் அதிலேயே இருந்தது. பந்திக்கு நடந்து வருகிறார்; இடது கை வீசுகிறது, வலது கை வீசவில்லை. திரும்பும்போது ஒரே வீச்சில் திரும்பாமல் சின்னச் சின்ன அடியாக நாலைந்து வைத்துத் திரும்புகிறார். வீடியோக்காரர் அவர் முகத்தை நெருங்கிப் பிடித்திருந்தார். எல்லோரும் சிரிக்கிற இடத்தில் அவர் கண் மட்டும் சிரிக்கிறது.

நரம்பியல் மருத்துவரிடம் தஞ்சாவூருக்குப் போனோம். படம் எடுத்துப் பார்த்துச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் முதலில் அப்பாவை வராந்தாவில் நடக்கவிட்டுப் பார்த்தார். பிறகு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நன்றாக விரித்து விரித்துத் தட்டச் சொன்னார். இடது கை தட்டிக்கொண்டே இருந்தது. வலது கை முதல் நாலு தட்டு அகலமாகத் தட்டி, பிறகு சிறுத்து, பிறகு விரல்கள் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டன. மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக மடக்கி நீட்டினார். என் கையையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். பழைய கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும்போது விரலுக்குத் தெரியுமே, அந்த மாதிரி விட்டு விட்டு இறுகியது. ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார். எழுத்து குறுகியது. அந்த அறையில்தான் எனக்கு எல்லாம் ஒரே உருவமாகத் தெரிந்தது: எழுத்து, நடை, குரல், விரல் தட்டு எல்லாம் நிறைவாகத் தொடங்கி, போகப் போகச் சிறுக்கின்றன. எந்த ரத்தப் பரிசோதனையும் இதை இன்னதென்று சொல்லிவிடாது, ஸ்கேன் பெரும்பாலும் வேறு நோய் இல்லையென்று உறுதி செய்துகொள்ளத்தான், பார்த்தும் கேட்டும்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார். இதுவரை சாப்பிட்ட மாத்திரைச் சீட்டெல்லாம் கேட்டார். தலைசுற்றலுக்கு எப்போதோ எழுதிக் கொடுத்த சின்னாரிசினை, பழைய சீட்டையே காட்டி மருந்துக்கடையில் வாங்கி இரண்டு வருடமாக நாங்களே கொடுத்துக்கொண்டிருந்தோம். அதுவே இதுபோன்ற இறுக்கத்தை உண்டாக்கும், நிறுத்திவிட்டுச் சில மாதம் பார்ப்போம் என்றார். அந்த மூன்று மாதம் நான் வேண்டாத சாமியில்லை. எங்கள் தவறாகவே இருந்துவிடட்டும் என்று வேண்டினேன். மாத்திரையால் வந்தது என்றால் மாத்திரையோடு போய்விடுமே. போகவில்லை.

லெவோடோபா தொடங்கினோம். மூளைக்குள் டோபமைன் சுரக்கிற செல்கள் குறைந்துபோன இடத்தில், அதைச் செய்துகொள்ளத் தேவையான சரக்கை வெளியிலிருந்து கொடுப்பது. இந்தப் பொருளைப் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்து 1937இல் கட்டுரை எழுதியவர்கள் சென்னையில் இருந்த தாமோதரன், ராமசாமி என்ற இரு ஆய்வாளர்கள் என்று படித்தபோது வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கின்சன் நோயாளிகளுக்கு அது மருந்தானது 1961இல், வியன்னாவில். விதையையே பொடி செய்து கொடுக்கலாமே என்று சொன்ன உறவினர்கள் உண்டு. விதையில் எவ்வளவு இருக்கிறதென்று கணக்கு இல்லை, மாத்திரையோடு சேர்த்து நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முதல் மாதத்தில் ஒரு காலை, அப்பா தானே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். அம்மா எதுவும் பேசாமல் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

நோய் நிற்கவில்லை. நிறுத்துகிற மருந்து இதுவரை இல்லை. அப்படியானால் முன்கூட்டித் தெரிந்து என்ன ஆகப் போகிறது, அந்தப் பெஞ்சு மனிதர் இன்னும் இரண்டு வருடம் தோளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு நிம்மதியாக இருக்கட்டுமே என்று இந்த மூன்று வாரத்தில் பலமுறை எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. கூடாத மாத்திரை ஒன்றை அவர் விழுங்கிக்கொண்டிருக்கலாம். விழுந்து இடுப்பை முறித்துக்கொள்ளலாம். நடைப்பயிற்சி தொடங்கவேண்டிய காலத்தில் நாற்காலியில் உட்கார்ந்துவிடலாம். இதெல்லாவற்றையும்விட, யாரோ ஒரு பிள்ளை அவர் வீட்டு வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருக்கலாம். என் சந்தேகம் தப்பாக இருந்தால் என்ன நஷ்டம்? ஒரு வாரம் பயந்திருப்பார். அந்தப் பயம் சின்ன விஷயமில்லை, அதை ஒருவர் தலையில் ஏற்றுவது எளிதில்லை. ஒரு மருத்துவரிடம் போகச் சொல்லலாமே தவிர, நோயின் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வராது, சொல்லவும் கூடாது. இவ்வளவும் யோசித்து முடித்தும் நான் போய்ச் சொல்லவில்லை.

நேற்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அந்த முகத்தில் இனி எதையும் தேடக் கூடாது, வார்த்தை வரும்வரை பொறுக்க வேண்டும் என்று பழகியிருக்கிறேன்.

“நீ சொன்னியா அவர்ட்ட?”

“இல்லப்பா. யாரு என்னன்னே தெரியாது. என்னன்னு போய்ச் சொல்றது?”

கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். “அட்ரஸ் தெரியலைன்னா தெருவுல நாலு பேரை விசாரிப்போம். விசாரிக்காம எந்தத் தபாலையும் திருப்ப மாட்டோம்” என்றார். குரல் சன்னமாக இருந்தது. நான் குனிந்து கேட்டேன். “என்னைக்குப் பார்த்தே?”

“வியாழக்கிழமை. பதினொண்ணு, பதினொண்ணேகால் இருக்கும்.”

அவர் பகல் மாத்திரை பத்து மணிக்கு. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும், நேரம் தப்பக் கூடாது. அந்தக் காலத்தில் மெயில் வண்டிக்குப் பை கட்டிய கணக்கோடு அதைப் பார்த்துக்கொள்கிறார். விரல் விட்டு எண்ணினார்.

“பத்து மணி மாத்திரை போட்டா முக்கா மணி நேரத்துல கைகாலு வந்துரும். பத்தே முக்காலுக்கு ஆட்டோ சொல்லிடு. நானும் வர்றேன். அவரு நான் நடக்கிறதைப் பார்க்கட்டும்.”